யாவ்ரியின் இரட்டைக் குவளை

எனக்குக் குராகாக்களை, அதாவது ஊர்த் தலைவர்களைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் மேல் குறை சொல்லக் கூடாது. நிலத்தில் நல்லது அவர்களுக்கு, உழுவதற்கு நாங்கள். ஊர் கூடினால் மணை போட்டு உட்கார அவர்கள், தரையில் குந்த நாங்கள். குராகாவுக்கும் உண்ணிக்கும் ஒரே வித்தியாசம், உண்ணி அதிகாரம் பண்ணாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள்தான் நான். அப்படிப்பட்ட நானே எங்கள் யாவ்ரியைப் பற்றி நல்ல வார்த்தை பேச உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அந்த மனுஷன் என்ன செய்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அவருடைய ஆற்றோர வயலில் மட்டும் சோளம் பல நிறத்தில் விளையும். ஒரே கதிரில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு, வெள்ளை எல்லாம் கலந்து கிடக்கும். கீழ்ப் பள்ளத்தாக்குக்காரர்கள் அதைப் பார்த்து, உங்கள் குராகாவுக்கு விதை பொறுக்கக்கூடத் தெரியாதா என்று கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும். அது எப்படி அப்படியானது என்று எங்களுக்குத் தெரியும்.

யாவ்ரி ஒன்றும் பெரிய குராகா இல்லை. எங்கள் பேரரசர் இன்காவின் கூஸ்கோ நகரத்துக்குப் போனால் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். ஆற்றோரம் இரண்டு படிவயல், மேலே மேய்ச்சல் மேட்டில் கொஞ்சம் லாமா மிருகங்கள், ஒரு மணை, அப்பா விட்டுப்போன மரக்குவளை ஒரு ஜோடி. அவ்வளவுதான் ஆஸ்தி. ஆள் குள்ளம். தலைக்கட்டில் செருகிய இறகு எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும். அவர் மனைவி காருவா மதினி அதை நிமிர்த்துவாள், இரண்டடி நடப்பதற்குள் அது மறுபடி படுத்துக்கொள்ளும்.

குராகாவுக்கு வரவே கூடாத குறை ஒன்றும் அவருக்கு இருந்தது. கள் தாங்காது. எங்கள் ஊர்களில் குராகா யாரையும் வேலைக்கு ஏவ முடியாது, கேட்கத்தான் வேண்டும். சோளக்கள்ளைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். ஒரு குவளையை நீட்டி, அதன் ஜோடியில் தானும் குடிக்க வேண்டும். வாங்கிக் குடித்தால் வேலைக்கு வருகிறேன் என்று பொருள், தொடாவிட்டால் வரமாட்டேன் என்று பொருள். வாங்கின குவளைக்கு என்றாவது ஒருநாள் பதில் குவளை நீட்ட வேண்டும் என்பதும் உண்டு. மற்ற குராகாக்கள் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு நேராக நடந்து வீட்டுக்குப் போவார்கள். நம்மவர் நாலு வீடு தாண்டுவதற்குள் பாட ஆரம்பித்துவிடுவார். அதுவும் சுருதியே இல்லாமல். அதனால் மதினி அவர் குவளையில் மட்டும் தண்ணீரைக் கலப்பாள். ஊருக்கே தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டோம்.

என் வீட்டுக்காரர் செத்துப்போன வருஷம் என் துண்டு நிலத்தில், காலால் மிதித்து உழும் கால்கலப்பையை முதலில் குத்தியவர் அவர்தான். விதவை நிலத்தை ஊரே சேர்ந்து உழ வேண்டும் என்பது முறை. ஆனால் முறையைச் சொல்லிவிட்டு நிழலில் உட்கார்ந்துகொள்ளும் குராகாக்கள் நிறைய உண்டு. இவர் வெயிலில் நின்று மூச்சு வாங்கினார். அப்போதுகூட, மனுஷன் என்னமோ பெயருக்குச் செய்கிறார் என்றுதான் நான் பேசினேன். எனக்கு உர்ப்பி என்று புறாவின் பெயரை வைத்தார்கள், வாய் மட்டும் கழுகினுடையது.

பிறகு அந்த வருஷம் வந்தது. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் உறைபனி விழுந்து சோளத்தைக் கருக்கியது. ஆற்றோரத்தில் தப்பிய கொஞ்சநஞ்சக் கதிரை அவரவர் விதைக்கென்று பின்னிக் கூரையில் தொங்கவிட்டோம். குடிக்கக் கள் இல்லை, தின்ன உறைபனியில் உலர்த்திய கிழங்கு மட்டும். அது போதாது என்று, மழைக் கடைசியில் மலை சரிந்து வாய்க்காலை மூடியது. மண்ணுக்கடியில் தாங்காவின் தம்பியும் போய்விட்டான். தாங்கா மேல்தெருக்காரன், கல் கட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. தம்பியைத் தோண்டி எடுத்த நாளிலிருந்து அவன் யாரிடமும் பேசவில்லை.

மழை ஓய்ந்ததும் இன்காவின் ஆள் வந்தார். காதில் பெரிய பொன்வட்டம் போட்டிருந்ததால் நாங்கள் அவரைப் பெருங்காதர் என்போம், அவருக்குக் கேட்காத தூரத்தில். வாய்க்காலைப் பார்த்தார், கீழே இன்காவின் சோளப் படிவயல்கள் வறண்டு கிடப்பதைப் பார்த்தார். விதைப்புக்குள் தண்ணீர் வர வேண்டும், வராவிட்டால் இந்த ஊரில் பாதிப் பேரைக் கீழே கோக்கா இலை விளையும் காட்டுக்குக் குடியேற்றிவிடுவேன் என்று சொன்னார். கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் பயமாக இருந்தது. கோக்காக் காட்டு வெக்கையில் மலைச்சனம் ஒரு மழைக்காலம் தாங்காது, காய்ச்சல் கொண்டுபோய்விடும். எனக்கு இரண்டு பையன்கள். அன்று நான் சாப்பிடவில்லை.

வாய்க்கால் நமக்கும்தானே, நாமே போய்த் தோண்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த மலை ஆளைத் தின்ற மலை. அதற்கு முதலில் குடிக்கக் கொடுக்காமல் மண்ணில் கலப்பையோ கட்டையோ வைத்தால் இன்னும் ஆள் கேட்கும். அதற்கு ஊற்ற வேண்டியவர் குராகா, வேறு யார் ஊற்றினாலும் மலை ஏற்காது. யாவ்ரி பெருங்காதரிடம், கள் காய்ச்சக் களஞ்சியத்திலிருந்து கொஞ்சம் சோளம் கேட்டுப் பார்த்தார். மேட்டில் வரிசையாக நின்ற அந்தக் களஞ்சியங்களை நிரப்பியதே நாங்கள்தான். இன்காவின் சோளம் இன்காவின் வேலைக்கு, ஊர் வாய்க்காலுக்கு ஊர்க் குராகாதான் ஊற்ற வேண்டும் என்று பதில் வந்தது.

அதனால் கீழ்ப் பள்ளத்தாக்குக்குப் போனோம். அங்கே குராகாவாக இருந்த அஞ்சி, காருவா மதினியின் கூடப்பிறந்தவர். அவர் பக்கம் பனி விழவில்லை. சோளம் சுமந்து வர லாமாக்களை ஓட்டிக்கொண்டு நானும் போனேன். வறுத்த சோளமும் கறியும் வைத்து நன்றாகத்தான் உபசரித்தார்கள். சாப்பிட்டு முடிந்ததும் அஞ்சி பல்லைக் குத்திக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"ஒனக்கு எம்புட்டு வேணுமோ அள்ளிக்க மச்சான். சொந்தத்துக்குள்ள என்ன கணக்கு? ஒங்க லாமா மேயுற அந்த மேட்ட மட்டும் எனக்கு விட்டுரு."

"அது என்னது இல்லையே மச்சான்."

"ஒன்னது இல்லாம? மணையில நீதான உக்காந்திருக்க."

"மணை என்னது. மேடு இவங்களது" என்று யாவ்ரி என் பக்கம் கையைக் காட்டினார்.

அஞ்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவங்க லாமா ஓட்டுற சனம். குராகா குடுத்துட்டான்னா, சரின்னு வேற மேட்டத் தேடிக்கிருவாங்க. யாரு ஒன்னயக் கேக்கப் போறா?"

உண்மைதான். யாரும் கேட்டிருக்க முடியாது. அக்கம்பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் எத்தனையோ மேய்ச்சல் இப்படித்தான் கைமாறியிருக்கிறது, ஒரு ஜாடிக் கள்ளுக்கும் ஒரு நல்ல சால்வைக்கும். எங்கள் லாமாக்கள் அந்த மேட்டில்தான் உயிர் பிழைக்கின்றன, எங்களுக்கு உடுப்பும் சுமையும் அவற்றால்தான். யாவ்ரி கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, சாப்பாடு நல்லா இருந்துச்சு மச்சான் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

காலிச் சாக்குகளோடு லாமாக்கள் துள்ளிக்கொண்டு ஏறின. கணவாய் உச்சியில் எல்லோரும் செய்வது போல அவரும் ஒரு கல்லை எடுத்துக் கற்குவியலில் வைத்தார். ஊர் பாதி போகப் போகிறது என்று நான் அழுதுகொண்டே வந்தேன். அவரைத் திட்டிக்கொண்டும் வந்தேன். மேட்டைக் கொடுத்தாலும் திட்டியிருப்பேன், அது வேறு விஷயம்.

இரண்டு நாள் கழித்துக் காருவா மதினி ஆள் அனுப்பினாள், கள் காய்ச்சக் கை வேண்டும் என்று. சோளம் ஏது என்று யோசித்துக்கொண்டே போனேன். முற்றத்தில் பாயை விரித்து மதினி கதிர் உதிர்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கதிரும் முழங்கை நீளம், மணிகள் பல் மாதிரி ஒழுங்காக இருந்தன. தோகையைப் பின்னிய மாதிரியே கிடந்தன. அது கூரையில் தொங்கிய விதைக் கதிர். அவர்கள் பரம்பரையாகக் காப்பாற்றி வந்த மஞ்சள் விதை. நல்ல துணியில் சுற்றி, சோளத்தாய் என்று கும்பிட்டு வைத்திருப்பார்கள்.

மதினி நிமிரவே இல்லை. யாவ்ரி தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தார்.

"அண்ணே, வெதையக் காச்சுனா சோளத்தா கண்ணக் குத்திருவா" என்றேன் நான்.

"குத்தட்டும். ரெண்டு கண்ணு இருக்குல்ல."

"வெளையாடாத. ஒன் வயலு தரிசாக் கெடந்தா என்ன ஆகும்னு தெரியும்ல?"

அது எல்லோருக்கும் தெரியும். குராகாவின் வயலை ஊர்தான் உழுகிறது. அது தரிசாகக் கிடந்தால், ஊர் அவரைக் கைவிட்டுவிட்டது என்று இன்காவின் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். மணையைப் பிடுங்கி வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். மணை போனால் குலத்துக்கே தலைகுனிவு.

யாவ்ரி குடத்தை இறக்கினார். "தெரியும் உர்ப்பி. பாதி ஊரு போனதுக்கப்புறம் மணையப் போட்டு நான் யாரு நடுவுல உக்காருறது?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இத வெளிய சொல்லிராத தாயி. வெதைன்னு தெரிஞ்சா அவங்களுக்குத் தொண்டையில எறங்காது" என்றார்.

நான் உட்கார்ந்து உதிர்க்க ஆரம்பித்தேன். ஊறவைத்தோம், இலையில் பரப்பி முளைக்கவிட்டோம். முளை வெள்ளையாக எட்டிப் பார்த்தபோது மதினி முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது வயலில் எட்டிப் பார்க்க வேண்டிய முளை. காயவைத்து அரைத்துக் காய்ச்சி ஜாடிகளில் ஊற்றினோம். நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

கள் பொங்கியதும் யாவ்ரி இரட்டைக் குவளையோடு கிளம்பினார். ஜாடியைத் தூக்கிக்கொண்டு மதினியும் நானும் பின்னால் போனோம். வீட்டுக்கு வீடு ஆட்கள் குவளையை வாங்கினார்கள். அதிசயமாக இருக்கிறதே, சோளம் ஏது, மச்சான் கொடுத்தாரா என்று கேட்டார்கள். யாவ்ரி சிரித்து வைத்தார். பாட்டும் தொடங்கிவிட்டது.

கடைசியில் தாங்காவின் வீடு. அவன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். யாவ்ரி பாட்டை நிறுத்திவிட்டுக் குவளையை நீட்டினார். தாங்கா அதைப் பார்த்தான், கையை நீட்டவில்லை. பல நாள் கழித்து அன்றுதான் அவன் குரலைக் கேட்டோம்.

"அந்த மல என் தம்பியத் தின்னுச்சு. அதுக்கு நீ குடிக்க ஊத்தப் போற. என்னையும் வந்து கும்பிடச் சொல்ற."

"கும்பிடச் சொல்லல. கேக்க வந்தேன்."

"வரல."

"சரிப்பா" என்றார் யாவ்ரி. "ஒன் தம்பி நின்ன எடத்துல ஒரு ஆளு நிக்கணும்ல. நான் நின்னுக்கிறேன்."

தன் குவளையைக் குடித்தார். தாங்காவுக்கு நீட்டிய குவளையைத் தளும்பத் தளும்ப வாசற்படியில் வைத்துவிட்டு வந்துவிட்டார். ஜோடிக் குவளையை யாரும் பிரிக்கமாட்டார்கள். அதுவும் அப்பா வைத்திருந்த குவளை.

மறுநாள் மலையடியில் ஊர் கூடியது. யாவ்ரி முதலில் மலைக்கு ஊற்றினார், பிறகு செத்தவனுக்கு ஊற்றினார், பிறகு எங்களுக்கு. அப்புறம் சரிவுக்கு நேர் கீழே, தாங்காவின் தம்பியைத் தோண்டி எடுத்த அதே இடத்தில் போய் நின்றுகொண்டு கால்கலப்பையைக் குத்தினார். மேலே ஒரு கல் அசைந்தாலும் முதலில் அவர் தலையில்தான். குள்ள மனுஷன், பாதி உடம்பு மண்ணுக்குள் தெரியவில்லை, சாய்ந்த இறகு மட்டும் மேலே ஆடிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பார்க்கவே கூசியது. யாரும் அன்று கொட்டாவி விடவில்லை.

உச்சிவெயிலில் தாங்கா வந்தான். பள்ளத்தில் இறங்கி யாவ்ரியின் பக்கத்தில் நின்றான். கல்லைத் தூக்கி அடுக்க ஆரம்பித்தான். வாசற்படிக் குவளையைக் குடித்தானா என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கை இறங்கிய பிறகு வேலை ஓடியது. சுவர் எழும்பியது, வாய்க்கால் நீண்டது. விதைப்புக் காலம் தொடங்குவதற்கு முன்பே தண்ணீர் வந்துவிட்டது. சேற்று நிறத்தில் முனகிக்கொண்டு வந்த அந்தத் தண்ணீரோடு என் பையன்கள் கூடவே ஓடினார்கள். ஊர் பிழைத்தது.

விதைப்புக்குப் பெருங்காதர் மறுபடி வந்தார். இன்காவின் வயலைப் பாட்டோடு உழுது முடித்தோம், அவர் முகத்தில் சந்தோஷம். விதவைகள் நிலம் முடிந்தது, அவரவர் நிலமும் முடிந்தது. கடைசியில் வழக்கம்போல் எல்லோரும் கலப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றோரம் குராகாவின் வயலுக்கு வந்தோம். யாவ்ரி வரப்பில் நின்றார். பக்கத்தில் மதினி. இந்த வருஷம் உழ வேண்டாம், நிலம் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்றார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

பெருங்காதர் முன்னால் வந்தார். ஏன் விதைக்கவில்லை என்று கேட்டார்.

"வெத இல்லைங்க."

"குராகா வீட்டுல வெத இல்லையா? எங்க போச்சு?"

யாவ்ரி தலையைக் குனிந்துகொண்டார். அப்படியானால் மணையை எடுத்துக்கொண்டு வா என்றார் பெருங்காதர், தரிசு வயல்காரன் மணையில் உட்கார முடியாது. மதினி வீட்டுப் பக்கம் திரும்பினாள், மணையை எடுத்துவர. இவ்வளவு நாள் அடைத்து வைத்த என் வாய் அப்போது உடைந்தது.

"எங்க போச்சா? எங்க வயித்துக்குள்ள போச்சு. மலைக்கும் எங்களுக்கும் ஊத்துனாரே, அது எதுல காச்சுனதுன்னு நெனச்சீங்க? என் கையாலதான் உதிர்த்தேன்."

விதையைக் குடித்திருக்கிறோம் என்பது ஒவ்வொருவர் முகத்திலும் இறங்கியதை நான் பார்த்தேன். தாங்கா கலப்பையைக் கீழே போட்டுவிட்டு ஊரைப் பார்த்து நடந்தான். போகிறான் பார், இவனும் ஒரு மனுஷனா என்று நினைத்தேன்.

அவன் திரும்பி வந்தபோது கையில் அந்தக் குவளை இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். நிறையச் சோளம். மேல்தெரு நிலத்தில் விளையும் கறுப்புச் சோளம், அவன் கூரையில் தொங்கவிட்டதில் விதைத்தது போக மிச்சம். பனிக்காலம் வரைக்கும் அவன் பிள்ளைகள் அதைத்தான் வறுத்துத் தின்ன வேண்டும். யாவ்ரியின் முன்னால் போய் நின்று நீட்டினான்.

"ஒன் குவளை எங்கிட்ட இருந்துச்சு."

அப்புறம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் வீட்டுக்கு ஓடினார்கள். குவளையிலும் சால்வை முனையிலும் கைப்பிடியிலுமாகக் கொண்டுவந்தார்கள். நான் கொண்டுவந்தது சிவப்பு. மதினியின் பாயில் அது குவிந்தபோது, ஒரு வீட்டு நிறம் இன்னொரு வீட்டு நிறத்தோடு கலந்துவிட்டது. பெருங்காதர் கிட்டே வந்து அந்தக் குவியலைப் பார்த்தார். பிறகு, மணை இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் பல்லக்கில் ஏறிக்கொண்டார்.

யாவ்ரி குவளையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "இத எப்படிப்பா நான் எல்லாருக்கும் திருப்பிக் குடுப்பேன்?" என்றார்.

"திருப்பிக் குடுக்க வேணாம்" என்றான் தாங்கா. "அடுத்த வருசமும் கேக்க வா."

ஆண்கள் வரிசையாக நின்று கலப்பையைக் குத்தினார்கள். நாங்கள் பெண்கள் எதிரே நின்று விதை போட்டோம். பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் குராகா. அன்று யாவ்ரி ஒரு சொட்டுக் கள்ளும் குடித்திருக்கவில்லை. ஆனாலும் நாலு வீடு சுற்றி வந்தவர் மாதிரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாடினார். வழக்கம்போல் சுருதி சேரவில்லை. நாங்களும் அதே சுருதியில் பாடினோம்.